ஆராய்ச்சியும் அங்காடியும்

தாம்பரத்திற்குத் தெற்கே பொத்தேரி ரயில் நிலையத்தில் காலை வண்டி நின்றதும் ஏராளமான மாணவர்கள் இறங்குகின்றனர். அருகிலேயே எஸ். ஆர். எம். சர்வகலாசாலை இருக்கிறது. 1985ல் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய அந்த ஸ்தாபனத்தின் மாணவர்கள் அமைத்த சுமார் 11 கிலோ எடையுள்ள செயற்கைக் கோள், 2011 அக்டோபர் 12ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறிற்று. நம் பிள்ளைகளுக்கு ஆற்றல் இல்லையென்று இனி எவரும் சொல்லத் துணியார். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறக்கும் அறிவு எவ்வாறு அங்காடியை அடைகிறது, அடைந்தபின் யாருக்குப் பயன்படுகிறது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

இக்கேள்வி சென்னைக்குப் புதிதன்று. 1898ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் ஆசிரியர் சென்னை ஆர்ட்ஸ் ஸ்கூலில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அது பலித்தது, 1903ல் ஒரு கம்பெனி அத்தொழிலை ஏற்றுக்கொண்டது. அடுத்து, குரோம் முறையில் தோல் பதனிடும் வேலையும் சர்க்கார் ஆதரவில் நடந்தது. ஐரோப்பிய வியாபாரிகள் முறையிட்டனர். சர்க்கார் பணம் வியாபாரத்தில் இறங்கலாகாது, தொழிற்கல்வி போதிப்பதோடு நிற்க வேண்டும் என்று 1910ல் இந்தியா மந்திரி மார்லி பிரபு தடுத்துவிட்டார். அன்று தடுத்தது அந்நிய ஆட்சி. இன்று அறிவு வீணானால் பழி நம்மையே சாரும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகையால் கல்விச்சாலை கம்பெனியோடு கைகோப்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும், வெள்ளியின் நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலுள்ள பூச்சிமருந்து நஞ்சை நீக்க வழி கண்டனர். 2007ல் அது வீட்டு வடிகட்டியாக விற்பனைக்கு வந்தது. பின்னர் தண்ணீரிலுள்ள ஆர்ஸெனிக் விஷத்தை நீக்கும் ‘அம்ரித்’ என்னும் முறையும் கிராமங்களை அடைந்தது. கட்டுரையாகவே நின்றிருந்தால் அந்த அறிவு எந்த ஏழையின் குடத்தையும் சுத்தம் செய்திராது.

ஆயினும், கூட்டு என்பது கொள்ளையாகிவிடக் கூடாது. சோதனைக்குச் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது? சர்க்கார் மானியம் பொதுஜனங்களின் வரிப்பணம். தனியார் சர்வகலாசாலையின் கட்டணமோ பெற்றோர் வியர்வை. இரவு பகலாக உழைக்கும் ஆராய்ச்சி மாணவனுக்கு உபகாரச் சம்பளத்துடன் கணக்கு முடிந்துவிடலாமா? அமெரிக்கர் 1980ல் ஒரு சட்டமியற்றி, சர்க்கார் பணத்தில் விளைந்த கண்டுபிடிப்பின் உரிமையைச் சர்வகலாசாலைகளே வைத்துக்கொள்ள வழிசெய்தனர். அதைப் பின்பற்றி நம் ராஜ்ய சபையில் 2008ல் வந்த மசோதா 2014ல் வாபஸ் பெறப்பட்டது.

1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 84வது பிரிவு, உரிமை கிடைத்து மூன்று வருஷங்களுக்குப் பின்னும் பண்டம் நியாயமான விலைக்குக் கிடைக்காவிட்டால், பிறருக்கு உற்பத்தி அனுமதி தர இடமளிக்கிறது. 2012ல் ஒரு புற்றுநோய் மருந்து விஷயத்தில் இது பிரயோகிக்கப்பட்டது. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த விலைக்கு மாறாக 8,880 ரூபாய்க்கு அது கிடைக்க வழி பிறந்தது. ஆனால் நோயாளி வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. இந்த நியாயம் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நாம் கோருவன மூன்று. ஒப்பந்தத்தின் முக்கிய ஷரத்துக்கள் பகிரங்கமாக வேண்டும். குறித்த காலத்தில் உற்பத்தி செய்யாத கம்பெனியிடமிருந்து உரிமை திரும்ப வேண்டும். லாபத்தில் ஆராய்ச்சி மாணவனுக்குப் பங்கு எழுதப்பட வேண்டும். பொத்தேரியில் இறங்கும் ஒவ்வொரு மாணவனும், தன் அறிவு விலைபோகும்போது அதன் விலையை அறியும் உரிமை உடையவன். அதைக் கேட்கும் துணிவும் அவனுக்கு வருக!