ஊர்ப் பணம் ஊருக்கே: சேவைச் சங்கங்களும் கண் முகாம்களும்

நெசவாளிக்குக் கையும் காலும் தொழிற் கருவிகள் என்பர். அவ்விரண்டையும் நடத்துவது கண்ணே. பாவில் அறுந்த இழையைக் கண்டு முடிவதற்கும், சுங்குடிச் சேலைக்குக் கடுகளவு முடிச்சிடுவதற்கும், விடியுமுன் மல்லிகை அரும்பைத் தேர்ந்து கொய்வதற்கும், பயிரினின்று களையைப் பிரித்தறிவதற்கும் பார்வை வேண்டும். அது மங்கினால் கூலி குறைகிறது. முற்றும் மறைந்தாலோ, அவரைக் கைப்பிடித்து நடத்த வீட்டில் மற்றொருவரும் வேலையை விட நேர்கிறது. ஒரு குடும்பம் இரு வருவாயை இழக்கிறது. ஆயினும் முதுமையில் பார்வை இழப்போருள் மிகப் பலருக்குக் காரணமாயிருப்பது கண்புரை; அது அறுவைச் சிகிச்சையால் நீக்கத்தக்கது.

இத்துறையில் நம் மதுரை உலகிற்கு ஒரு வழி காட்டியுள்ளது. அவ்வழியில் அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் முதலான சேவைச் சங்கங்களுக்கும் பங்குண்டு. அச்சங்கத்தார் நன்கொடை வேண்டி நம் வாயிலுக்கும் வருகின்றனர். நாம் தரும் பணம் எவ்வழிச் செல்கிறது என்பதை அறிந்து கொடுப்பதே கூட்டுறவாளர்க்கு அழகு. ஆதலின் அச்சங்கங்களின் பணியையும், அவை நிதி திரட்டும் முறையையும், கணக்கு வைக்கும் முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்குவோம்.

சங்கங்களின் தோற்றம்

ரோட்டரி சங்கம் 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரால் தொடங்கப்பெற்றது. அரிமா சங்கம் அதே நகரில் 1917ஆம் ஆண்டில் மெல்வின் ஜோன்ஸ் என்பாரின் முயற்சியால் உருவாயிற்று. 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரிமா சங்கத்தாரின் மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த அறிஞர் ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றி, பார்வையற்றோரின் துயர் துடைக்கும் பணியை ஏற்குமாறு வேண்டினார். அன்று முதல் கண் பணி அச்சங்கத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. ரோட்டரி சங்கமோ 1985ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க நிதி திரட்டத் தொடங்கியது. அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் உடன் உழைத்ததன் பயனாக, 2014ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. வெளியூரில் பிறந்த சங்கங்களாயினும், உள்ளூர் அன்பர்களின் உழைப்பாலேயே அவை இங்கு வேரூன்றின.

மதுரையில் நிகழ்ந்தது

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னரும் விடாது பயின்று அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவர். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராயிருந்த காலத்திலேயே, நோயாளி வரட்டும் எனக் காத்திராமல் சிற்றூர்களுக்குச் சென்று முகாம்கள் நடத்தினார். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றதும், 1976ஆம் ஆண்டில், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்துவர். அவ்வருவாயின் மிச்சத்தைக் கொண்டு ஏழையருக்கு இலவசமாகச் சிகிச்சை நடைபெறும். இதுவே அதன் அமைப்பு.

1992ஆம் ஆண்டில் அரிமா சங்கங்களின் அனைத்துலக அமைப்பும் சேவா நிறுவனமும் துணைநிற்க, பிற மருத்துவமனைகளுக்கு இம்முறையைக் கற்பிக்கும் பயிற்சி நிலையம் ஒன்று மதுரையில் எழுந்தது. அதன் பெயரிலேயே அரிமா என்னும் சொல்லும் அரவிந்த் என்னும் சொல்லும் இணைந்துள்ளன. அதே ஆண்டில், கண்ணுள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யும் ஆரோலேப் என்னும் தொழிற்கூடமும் நிறுவப்பெற்றது. அதற்கு முன் இலவச அறுவை செய்துகொண்ட ஏழையர் பலர் தடித்த கண்ணாடியை நம்பியே வாழ்ந்தனர். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருள்தான். வில்லை மலிந்ததும் அத்துன்பம் நீங்கியது.

பணிப் பங்கீடு

ஒரு முகாமில் மருத்துவமனை செய்வது ஒரு பாதி. ஊரார் செய்வது மறு பாதி. சேவைச் சங்கமோ, வங்கியோ, ஆலையோ, கோயில் நிருவாகமோ முகாமை ஏற்று நடத்தும். பள்ளிக் கட்டடமோ திருமண மண்டபமோ கேட்டுப் பெறுதல், துண்டறிக்கை அச்சிடுதல், ஒலிபெருக்கி வைத்துச் சுற்று வட்டாரத்தில் அறிவித்தல், குடிநீரும் உணவும் அளித்தல், வரிசையை ஒழுங்கு செய்யத் தொண்டர்களைத் திரட்டுதல் ஆகியன ஏற்று நடத்துவோரின் கடமை. மருத்துவரும் உதவியாளரும் மருத்துவமனையினின்று வருவர். பார்வை, கண் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியன சோதிக்கப்பெறும். அறுவை தேவைப்படுவோர் அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பெற்று, சிகிச்சை முடிந்தபின் ஊர் திரும்புவர்.

முற்காலத்தில் பள்ளி அறைகளிலேயே அறுவை செய்ததுண்டு. நோய்த்தொற்றுக்கு அஞ்சி, இப்பொழுது முகாமில் சோதனை மட்டுமே செய்து, அறுவையை மருத்துவமனையில் வைத்துக்கொள்கின்றனர். புரை நன்கு முற்றிய பின்னரே அறுவை செய்ய வேண்டும் என்ற பழைய எண்ணமும் இன்று பொருந்தாது. வேலைக்குத் தடையாகும் அளவுக்குப் பார்வை மங்கியதும் காட்டிக்கொள்வதே முறை.

இலவசமாயினும் வாராதது ஏன்?

சிகிச்சை இலவசம் என்று பறை சாற்றியும் பலர் வாரார். காரணம் அறியாமை ஒன்றே என நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். தென்னிந்தியச் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 1991ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று வேறு காரணங்களையும் புலப்படுத்திற்று. சிகிச்சை மட்டும் இலவசமானால் போதாது; போக்குவரத்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவையும் பிறர் ஏற்ற ஊர்களில் கூடுதலானோர் முன்வந்தனர். நாட்கூலி பெறுவோருக்குப் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் பெருந்தடைகளே. இவற்றோடு அச்சமும் சேர்கிறது. முன்னரே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற அண்டை வீட்டார் ஒருவர் உடன் வந்தால், அவ்வச்சம் பாதி நீங்கும்.

எனவே, நன்கொடைப் பணம் எங்குப் பயன்படும் என்பது தெளிவு. கத்தியும் மருந்தும் மருத்துவமனையில் உள்ளன. வீட்டு வாயிலுக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடையேயுள்ள வழியைக் கடப்பிப்பதே ஊராரின் பணம் செய்யவேண்டிய வேலை.

நிதியும் கணக்கும்

உறுப்பினர் சந்தா, நன்கொடை, இசை நிகழ்ச்சி, நாடகம், விளம்பரங்களுடன் கூடிய ஆண்டு மலர் ஆகியன இச்சங்கங்களின் வருவாய்கள். இவற்றை ஒரே பையில் போடலாகாது என்பது அரிமா சங்கத்தின் உறுதியான விதி. சங்கத்தின் அஞ்சற் செலவு, கூட்டச் செலவு, விருந்துச் செலவு எல்லாம் உறுப்பினர் சந்தாவினின்றே செல்ல வேண்டும். பொதுமக்களிடம் திரட்டிய பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவைக் கழித்த பின், எஞ்சியது முழுவதும் பொதுமக்கள் பணிக்கே உரியது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். இசை நிகழ்ச்சியொன்றில் ரூ. 40,000 வசூலாகிறது; பந்தல், ஒலிபெருக்கி, கலைஞர் ஊதியம் ஆகியவற்றுக்கு ரூ. 28,000 செலவாகிறது. நற்பணிக்குக் கிடைப்பது ரூ. 12,000 மட்டுமே. மேடையில் ரூ. 40,000 திரட்டினோம் என அறிவித்தல் பொய்யன்று. ஆனால் முழு மெய்யும் அன்று. அதே அன்பர்கள் வீடு வீடாகச் சென்று ரசீது கொடுத்து ரூ. 15,000 திரட்டியிருப்பின், ஆரவாரம் குறைந்திருக்கும், பயன் மிகுந்திருக்கும். ஆதலின் நன்கொடை கேட்டு வருவோரிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். ரசீது உண்டா? பொதுப் பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டா? சென்ற முறை எஞ்சியது எவ்வளவு, அது எதற்குச் சென்றது? நேர்மையான சங்கம் இக்கேள்விகளை வரவேற்கும்.

நம் பங்கு

கூட்டுறவுச் சங்கத்துக்கும் இத்தகைய அறத்தில் இடமுண்டு. 1912ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டமே, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின், மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் அனுமதியுடன் அறப்பணிக்கு அளிக்க இடந்தந்தது. இன்று நமக்கு வழிகாட்டுவன தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வச் சங்கத்தின் துணைவிதிகளுமாகும். அவை இடந்தரும் அளவில், பொதுக்குழுவின் தீர்மானத்துடன் ஒரு முகாமை நம் சங்கமே ஏற்கலாம். அன்றேல் சேவைச் சங்கத்துடன் சேர்ந்து நடத்தலாம்.

பணமில்லாத சங்கத்துக்கும் செய்வதற்கு வேலையுண்டு. உறுப்பினர் பதிவேடு நம்மிடம் உள்ளது. எந்தத் தறி நின்றுவிட்டது, எந்த வீட்டில் முதியவர் சுவரைத் தடவி நடக்கிறார் என்பதை வெளியூர் அன்பர் அறியார், நாம் அறிவோம். அறுவடை நாளிலும் சித்திரைத் திருவிழா நாளிலும் முகாம் வைத்தல் வீண் என்பதையும் நாமே எடுத்துரைக்க வல்லோம். அடுத்த முகாம் அறிவிப்பு வந்ததும், ஒவ்வொரு நிருவாகக் குழு உறுப்பினரும் தம் தெருவில் பார்வை மங்கிய இருவரைக் கண்டு பெயர் எழுதி, துணைக்கு ஆள் அமர்த்தி, அன்று காலை உடன் அழைத்துச் செல்வாராக. ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். வடத்தில் நம் கையும் இருத்தல் வேண்டும்.