தொப்பி எங்கேடா போச்சு?

1983-ல் தீபாவளி போனஸில் அப்பா வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி அது. எங்கள் மயிலாப்பூர் போர்ஷனில் எங்களை விட அதற்குத்தான் இடம் ஜாஸ்தி! இருபது வருஷமாகப் பரணில் தூங்கியதை, ''காது கேட்கிறப்பவே ஒரு தடவை கேட்டுடணும்டா'' என்று இறக்கச் சொன்னார். அப்பாவுக்கு வயது எண்பது.

முன்பக்கத் துணியைக் கழற்றினால்... வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் காய்ந்த கேக் மாதிரி உதிர்ந்தது. நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது தாங்காது.

தி.நகர் ஆபீஸிலிருந்து நேரே ரிச்சி ஸ்ட்ரீட். ''வாட்ஸ் ஜாஸ்தியா கொடுங்க'' என்றேன், பெரிய மேதாவியாட்டம்! எட்டு இன்ச், 100 வாட்ஸ். பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்தது. கச்சேரி ரெக்கார்டு சுழன்றது. அப்பா இரண்டே நிமிஷத்தில் நிமிர்ந்தார்.

''மிருதங்கத்துல தொப்பி எங்கேடா போச்சு?''

நிஜம்தான். வலந்தலை 'ணங்'கென்று காதைத் துளைத்தது. ரவை பூசிய இடது பக்கத்தின் 'தொம்' மட்டும் காணோம்!

வூஃபரும் பெட்டியும் புருஷன்-பெண்டாட்டி மாதிரி சார். கூம்பின் எடை, அதன் விறைப்பு, பெட்டிக்குள் இருக்கும் காற்று எல்லாம் ஒத்துப்போனால்தான் அடி ஸ்தாயி கேட்கும். 1961-லேயே ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் இதற்குக் கணக்கு எழுதினார். 70-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். நான் வாங்கியதோ மேடையில் முழங்குவதற்கான விறைப்பு வூஃபர். வாட்ஸ் என்பது எவ்வளவு அடி தாங்கும் என்கிற கணக்கு. எவ்வளவு இனிமை என்பதல்ல!

நல்லவேளை, பழைய வூஃபரைத் தூக்கிப் போடவில்லை. மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 8 ஓம் காயில் ஆறு ஓம் காட்டினால் சரி, காட்டியது. கூம்பை இரண்டு கையாலும் மெள்ள அமுக்கினேன். உரசல் இல்லை. அதே அளவில் புது ஃபோம் வளையம் ஒட்டினேன். கிராஸ்ஓவரில் காய்ந்து போயிருந்த கெப்பாசிட்டர்களையும் அதே மதிப்பில் மாற்றினேன். செலவு, 100 வாட்ஸ் ஆசைக்கு அழுததில் கால் பங்குகூட இல்லை.

மறுநாள் அதே ரெக்கார்டு. 'தொம்'! அப்பாவின் கை தானாகவே தொடையில் தாளம் போட்டது.

''பத்துப் பதினைஞ்சு வருஷம் தாங்கும்ப்பா'' என்றேன்.

''போதும்டா. எனக்கும் அதே கேரண்டிதான் கபாலீஸ்வரர்கிட்டே கேட்டிருக்கேன்!''