மூளைக்குள் நூறு ஊசிகள்!

தலையில் 'மடார்' என்று அடி விழுந்தால் கண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் பறக்கிறது, இல்லையா? கும்மிருட்டில் அடி விழுந்தாலும் பறக்கும்! வெளிச்சமே இல்லாத இடத்தில் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

கண் வெறும் ஜன்னல்தான். ஜன்னல் வழியாக வருவதைப் 'பார்ப்பது' பின்மண்டைக்குள் இருக்கும் பார்வை மையம். அதை எப்படித் தொட்டாலும், அடித்துத் தொட்டாலும் சரி, மின்சாரத்தால் தொட்டாலும் சரி, அதற்குத் தெரிந்த ஒரே பாஷை வெளிச்சம்தான். அப்படியானால் ஜன்னலே அடைபட்டுப் போனவர்களுக்கு, நேராகப் பின்மண்டைக்குள் போய்த் தொட்டால்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருஷங்களை ஓட்டியவர் பேராசிரியர் ரிச்சர்ட் நார்மன். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில் உள்ள யூட்டா பல்கலைக்கழகத்தில் உயிரி மருத்துவப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர்.

"சித்த வைத்தியருக்கு மூளைக் கருவியில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கண் நரம்பு பட்டுப்போனவர்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு என்னிடமும் வருகிறார்கள். "மூளையிலேயே ஏதோ மிஷின் வெச்சுப் பார்வை கொண்டு வர்றாங்களாமே, நிலத்தை வித்தாவது பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்கள். பட்டுப்போன நரம்பைத் துளிர்க்க வைக்கும் சூரணம் என்னிடம் இல்லை என்று சொல்கிற நான், அந்த மிஷின் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லத்தானே வேண்டும்?

ஆமைக் கண்ணில் ஆரம்பம்

நார்மன் படித்தது டாக்டர் படிப்பு அல்ல, எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில். ஆனால் மனசு போனது கண்ணின் பக்கம். விழித்திரையின் செல்கள் வெயிலுக்கும் நிழலுக்கும் எப்படித் தங்களைச் சரிப்படுத்திக்கொள்கின்றன என்று ஆமையின் கண்ணை வைத்து ஆராய்ந்தார். 1979-ல் யூட்டாவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த இடமும் லேசுப்பட்டதில்லை. டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப் அங்கேதான் செயற்கை உறுப்பு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். 1982-ல் ஒரு மனிதருக்கு நிரந்தரமாக இருக்கட்டும் என்று செயற்கை இதயம் பொருத்தியதும் அங்கேதான். 'முடியுமா?' என்று கேட்பவரைவிட 'எப்படி?' என்று கேட்பவர்கள் அதிகம் இருந்த ஊர்!

மூளையைத் தொட்டுப் பார்வை கொடுக்கும் யோசனை நார்மனுடையது அல்ல. 1968-லேயே இங்கிலாந்தில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற விஞ்ஞானி, பார்வை இழந்த 52 வயதுப் பெண்மணியின் மூளையின் மேற்பரப்பில் 80 மின்முனைகளைப் பரப்பி வைத்து, ஒளிப்புள்ளிகளைக் காண வைத்தார். ஆனால் ஒரு சங்கடம். மூளையின் மேலே வைத்தால் மின்சாரம் அதிகம் தேவை. அதிக மின்சாரம் பக்கத்துச் செல்களையும் சேர்த்து எழுப்பிவிடும். புள்ளியோடு புள்ளி ஒட்டிக்கொள்ளும். அளவு மீறினால் வலிப்பு வரும் அபாயமும் உண்டு.

நார்மன் சொன்னது இதுதான்: மேலே வைக்காதே, உள்ளே இறக்கு. நரம்புச் செல்லுக்குப் பக்கத்திலேயே முனை இருந்தால், மைக்ரோ ஆம்பியர் கணக்கிலேயே காரியம் முடியும்.

அதற்காக அவருடைய குழு செய்த கருவிதான் 'யூட்டா அரே'. ஒரு மிளகு அளவுகூட இருக்காது! 4 மில்லிமீட்டர் சதுரம். அதில் வரிசைக்குப் பத்தாக நூறு சிலிக்கான் ஊசிகள். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். சிலிக்கான் கட்டியை ரம்பத்தால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, அமிலத்தில் கரைத்துக் கூர்மையாக்கி, நுனிக்கு மட்டும் உலோகப் பூச்சுக் கொடுத்துச் செய்கிறார்கள்.

செய்தாகிவிட்டது, எப்படி உள்ளே இறக்குவது? மூளை, கெட்டித் தயிர் மாதிரி குழைவானது. நூறு ஊசிகளைச் சேர்த்து மெதுவாக அழுத்தினால் இறங்காது. பள்ளம் விழும், நசுங்கும், உள்ளே ரத்தம் கசியும். 1992-ல் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். காற்றழுத்தத்தில் இயங்கும் குட்டிச் சுத்தியல்! வினாடிக்கு 8 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் 'டப்' என்று ஒரே தட்டு. மூளை அசைவதற்குள் ஊசிகள் உள்ளே போய்விடும். மெதுவாகச் செய்வதுதான் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். இங்கே தலைகீழ்!

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பார்வை என்று சொல்ல எத்தனை புள்ளி வேண்டும்? மூளையைத் தொடாமலேயே இதற்கு விடை தேடினார்கள். நல்ல கண் உள்ளவர்களுக்கு, 25-க்கு 25, அதாவது 625 புள்ளிகளாக மட்டும் உலகம் தெரிகிற மாதிரி ஒரு கருவியை மாட்டிவிட்டு நடக்க விட்டார்கள், படிக்க விட்டார்கள். கொஞ்சம் பழகியதும் இடிபடாமல் நடந்தார்கள். ஓடுகிற எழுத்துக்களை நிமிஷத்துக்கு 170 வார்த்தை வேகத்தில்கூடப் படித்தார்கள்! நாம் நினைக்கிற அளவு மூளைக்கு விவரம் தேவையில்லை. கோலப் புள்ளிகளை வைத்தாலே கோலம் தெரிந்துவிடுகிற மாதிரிதான்.

கண்ணுக்குச் செய்தது கைக்கு உதவியது

கண்ணுக்காகச் செய்த இந்தக் கருவி முதலில் பெரிய பெயர் வாங்கியது கண்ணில் அல்ல! ஊசி, மூளைக்குச் செய்தி கொடுக்கவும் செய்யும், மூளையிலிருந்து செய்தி கேட்கவும் செய்யும். 2004-ல் ஜான் டோனஹியூ குழுவினர், கத்திக்குத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில் இதைப் பொருத்தினார்கள். அவர் நினைத்தார், கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி நகர்ந்தது! 2012-ல் பக்கவாதத்தால் பேச்சும் அசைவும் இழந்த ஒரு பெண்மணி, நினைப்பாலேயே இயந்திரக் கையை நகர்த்தித் தானே காபி குடித்த செய்தி வந்தது. 2024-ல் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சுக் குழறிப்போன ஒருவர், சொல்ல நினைத்ததைக் கம்ப்யூட்டர் வழியாகப் பேசினார்.

பார்வைக்கு? அதற்கு ரொம்ப வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் எல்ச்சே நகரில் எடுவார்டோ ஃபெர்னாண்டஸ் குழுவினரும் நார்மனும் சேர்ந்து செய்த சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது. பார்வை போய் 16 வருஷமான 57 வயது அறிவியல் ஆசிரியை ஒருவர் முன்வந்தார். கண்ணாடியில் கேமரா, பின்மண்டையில் கருவி. நூறில் 96 முனைகள் பயன்பட்டன. (நம் சித்த நூல்கள் கண் நோய்களை 96 என்று கணக்குச் சொல்கின்றன. தற்செயல்தான், தயவுசெய்து முடிச்சுப் போடவேண்டாம்!) அவருக்கு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. கோடுகளின் வடிவமும், சில எழுத்துக்களும், பெரிய பொருள்களின் ஓரங்களும் பிடிபட்டன. முகம் தெரியவில்லை, வர்ண உலகம் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துக் கருவியை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டதுதான்.

ஏன் எடுக்கவேண்டும்? மூளை, அந்நியப் பொருளைச் சுற்றித் தழும்புச் சுவர் எழுப்பும். ஊசியின் மேல்பூச்சு நாளாக நாளாகக் கெடும். கம்பி மண்டையைத் துளைத்து வெளியே வந்தால் கிருமி புகவும் வழி. சிலருக்கு வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறது, ஆனால் சிக்னல் தேய்ந்துகொண்டே போவதும் உண்டு.

நிலத்தை விற்கலாமா?

வேண்டாம். பார்வைக்கான மூளைக் கருவி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. விலைக்குக் கிடைக்கும் சிகிச்சை அல்ல. ஆராய்ச்சிக்கு ஒருவரைச் சேர்ப்பவர்கள் அவரிடமே லட்சக்கணக்கில் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு இந்த வழி இன்னும் கஷ்டம். பார்த்துப் பழகிய மூளைக்குத்தான் புள்ளியைக் கோடாக்கத் தெரியும். நம் பக்கம் பார்வை நரம்பைத் திருடுவதில் கண் நீர் அழுத்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும். அப்பா, அம்மா யாருக்காவது அது இருந்தால், நாற்பது வயது வரை காத்திருக்காமல் கண் டாக்டரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிடுங்கள். அவர் கொடுத்த சொட்டு மருந்தை, என் போன்றோர் கொடுக்கும் மருந்துக்காக நிறுத்தாதீர்கள்.

வருங்காலத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு ஆராய்ச்சியில் சேர அழைப்பு வந்தால், 'எவ்வளவு தெரியும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை நாள் உள்ளே இருக்கும், கெட்டுப்போனால் எடுப்பது யார், கம்பெனி கதவைச் சாத்தினால் யார் பொறுப்பு, இவற்றைக் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் 'செகண்ட் சைட்' என்ற கம்பெனி விழித்திரையில் வைக்கும் கருவியை 2019-ல் கைவிட்டது. மறு வருஷம் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. கருவி பொருத்திக்கொண்டவர்களோ உலகம் முழுக்க 350 பேருக்கு மேல். ரிப்பேர் ஆனால் கேட்க நாதியில்லாமல், கண்ணுக்குள் அந்தக் கருவியோடு நின்றார்கள்.