முகிலன் பறந்த ஹெலிகாப்டரும் இல்லாமல் போன ஃப்ளேரும்

போன தீபாவளிக்கு மறுநாள். சிவகாசியில் எங்களுக்கெல்லாம் நிஜமான லீவு அன்றைக்குத்தான். ஃபேன்சி ரகம் செய்யும் ஆலையில் ரொம்ப வருஷமாக ஃபோர்மேனாக இருக்கும் என் சித்தப்பா, செல்போனில் வந்த ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு ஹெலிகாப்டர் பறந்துகொண்டே இரண்டு பக்கமும் தீப்பந்துகளைக் கொட்டிக்கொண்டு போகிறது.

"ஏம்ப்பா, இதுல கலர் ஒண்ணுமே இல்லையே. எதுக்குக் கொளுத்துறாங்க?"

"ஏவுகணையை ஏமாத்துறதுக்கு சித்தப்பா."

"வெளிச்சத்தைப் பாத்து ஏவுகணை ஏமாறுமாக்கும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படிக்க உட்கார்ந்தவன், 1999 மே 28-ல் போய் நின்றேன்.

அன்று கார்கில் போரில் இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் ஒன்று தொலோலிங் மலை மீது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஸ்க்வாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், ஃப்ளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாகு. நால்வரும் இறந்தார்கள். நால்வருக்கும் இறப்புக்குப் பின் வீரத்துக்கான வாயு சேனா பதக்கம் தரப்பட்டது. கார்கில் என்றால் நமக்கு அஜய் அகுஜா ஞாபகம் வருவார், நச்சிகேதா ஞாபகம் வருவார். முகிலன் என்று அசல் தமிழ்ப் பெயரோடு ஒருவர் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. முகில் என்றால் மேகம். விமானிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். மி-17 அடிப்படையில் ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போகிற ஹெலிகாப்டர். சண்டைக்கென்றே செய்த மி-35 நம்மிடம் இருந்தது, ஆனால் அதனால் அந்த உயரத்தில் வேலை செய்ய முடியாது. தொலோலிங் உச்சி 15,000 அடிக்கு மேல். காற்று அங்கே லேசு. அதனால் மி-17-லேயே ராக்கெட் பொருத்தி அனுப்பினார்கள். தரைப்படை மே மாத நடுவிலேயே ஹெலிகாப்டர் கேட்டது. இந்த உயரத்தில் அது எளிதில் அடிபடும் என்று விமானப்படை தயங்கியது. மே 25-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது, மறுநாள் காலையில் 'சஃபேத் சாகர்' நடவடிக்கை தொடங்கியது.

தயக்கத்துக்குக் காரணம் ஏற்கெனவே கண்ணில் பட்டிருந்தது. மே 21 அன்று ஸ்க்வாட்ரன் லீடர் பெருமாள் ஓட்டிப் போன கான்பெரா உளவு விமானத்தின் ஒரு இன்ஜினை ஏவுகணை பதம் பார்த்தது. மிச்சமிருந்த ஒற்றை இன்ஜினில் அவர் ஸ்ரீநகர் வந்து இறக்கினார். மே 27-ல் அகுஜாவின் மிக்-21 விழுந்தது. எதிரி கையில் இருந்தது ஸ்டிங்கர், ஒரே ஆள் தோளில் வைத்து அடிக்கிற ஏவுகணை. 1986 முதல் ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்களைத் துரத்தித் துரத்தி அடித்ததும் இதுதான்.

ஸ்டிங்கரின் தலையில் ஒரு 'கண்' உண்டு. அது தேடுவது இன்ஜின் சூடு வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை. மலைப்போரில் இது இன்னும் மோசம். எதிரி உச்சியில் உட்கார்ந்திருக்கிறான், ஹெலிகாப்டர் கிட்டத்தட்ட அவன் முகத்துக்கு நேரே வருகிறது. சுற்றிலும் குளிர்ந்த பாறையும் பனியும். அதற்கு நடுவே சூடான இன்ஜின் தனியாகத் தெரியும். லேசான காற்றில் சட்டென்று வெட்டித் திரும்பவும் முடியாது.

இங்கேதான் ஃப்ளேர் வருகிறது. இன்ஜினைவிட அதிகமாகச் சூடு காட்டும் ஒன்றைப் பக்கத்தில் எறிந்தால், ஏவுகணை அதன் பின்னால் போகும். சித்தப்பாவுக்கு மருந்து தெரிய வேண்டுமே! இவ்வகை ஃப்ளேரில் பொதுவாக மெக்னீசியப் பொடியும் டெஃப்லானும் சேரும். ஆமாம், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். நாம் மருந்தைப் பிடித்து வைக்க டெக்ஸ்ட்ரின் பசை போடுகிற மாதிரி, அங்கே விட்டான் என்கிற ரப்பர். எரியும்போது டெஃப்லானில் இருக்கும் ஃப்ளூரின் மெக்னீசியத்தோடு சேர்ந்துகொள்ள, கார்பன் கரியாகப் பிரிந்து தகதகவென்று காய்கிறது. அந்தக் கரிதான் அகச்சிவப்பை வாரி வீசுகிறது. மத்தாப்பில் நாம் பச்சை உப்பு போடுவதும் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் போடுவதும் மனிதக் கண்ணுக்காக. இங்கே பார்க்கப் போவது ஏவுகணையின் கண், அதற்குக் கலர் எதற்கு? சோவியத் ஹெலிகாப்டர்களில் பொருத்தும் ஒரு ஃப்ளேர் பெட்டியில் 32 குண்டுகள் இருக்கும்.

மே 28-ல் தொலோலிங்கைத் தாக்கப் போனவை நான்கு மி-17-கள் கொண்ட அணி. அந்த அணியில் ஃப்ளேர் பெட்டி பொருத்தப்படாமல் இருந்தது ஒன்றே ஒன்றில்தான். விழுந்தது அதுதான்.

பெட்டி இருந்திருந்தால் நால்வரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் எழுத மாட்டேன். ஸ்டிங்கரின் பிற்கால ரகங்கள் அகச்சிவப்போடு புற ஊதாக் கதிரையும் ஒப்பிட்டு, எது இன்ஜின், எது ஃப்ளேர் என்று பிரித்துப் பார்க்கப் பழகியவை. ஃப்ளேர் ஒன்றும் கவசம் இல்லை. ஆனாலும் கூடப் போன மூன்றிலும் அந்த வாய்ப்பு இருந்தது, இவர்களுக்கு அது இல்லை. இல்லாமல்தான் அந்த மலைக்குப் போனார்கள். பதக்கத்தில் இருக்கும் 'வீரம்' என்ற சொல்லுக்கு எனக்குப் புரிந்த அர்த்தம் இதுதான்.

அதற்குப் பிறகு மி-17-களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கி வரவும் சரக்கு ஏற்றவும் அவை பறந்தன. போர் விமானங்கள் ஸ்டிங்கருக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டன. ஜூன் 24-ல் மிராஜ் 2000 லேசர் குண்டால் டைகர் ஹில்லை அடித்தது அந்த உயரத்திலிருந்துதான். தொலோலிங்கை ஜூன் 13-ல் தரைப்படை ஏறிப் பிடித்தது. திராஸில் இன்றைக்கு இருக்கும் போர் நினைவிடம் அந்த மலையின் அடிவாரத்தில்தான் நிற்கிறது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். மருந்துக் கலவையைப் பற்றி நிறையக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பையனுக்கு எத்தனை வயசுப்பா?"