நெருப்பினூடே ஒரு வணக்கம்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் அவன் புரிந்த செயலையும் பொறித்து வழிபட்ட மரபு நம்முடையது. ஆனால், அக்கல் நாட்டப்படுவதற்கு ஒன்று இன்றியமையாதது. அவ்வீரன் எவ்வாறு வீழ்ந்தான் என்பதைக் கண்ணாரக் கண்டவர் ஒருவராவது உயிருடன் ஊர் திரும்பியிருத்தல் வேண்டும். காண்பாரற்றுப் போன வீரம், வீரனோடு மண்ணில் மறைந்து போகும்.

இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஓர் இளைஞரின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுற உணர்த்துகிறது. அவர் புரிந்த அருஞ்செயலுக்குச் சாட்சி ஒருவரே. அந்தச் சாட்சியும், எரிந்துகொண்டு வீழும் விமானத்தின் வாலில் சிறைப்பட்டுக் கிடந்தவர்!

அவ்விளைஞரின் பெயர் ஆண்ட்ரூ மினார்ஸ்கி. பிழைப்பை நாடிப் போலந்து நாட்டை விட்டுக் கனடாவில் குடியேறிய பெற்றோருக்கு, வின்னிபெக் நகரில் 1916-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பிறந்தவர். சொந்த ஊரை விட்டு வந்து அயலூரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவதன் அருமையை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். அக்குடும்பத்திற்கும் சோதனை வந்தது. ஆண்ட்ரூவுக்குப் பதினாறு வயதாயிருந்தபோது தந்தையார் காலமானார். தாயாருக்கும் உடன்பிறந்தாருக்கும் துணையாக நின்று, தோல் வேலை செய்து பொருளீட்டும் பொறுப்பு அந்த இளந்தோள்களில் விழுந்தது.

1941-இல் அவர் கனடிய விமானப் படையில் சேர்ந்தார். பயிற்சி முடிந்து, கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். 1944-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் விமான தளத்தில் இருந்த 419-ஆம் அணியில் பணி ஏற்றார். அவ்வணியினர் செலுத்தியவை லங்காஸ்டர் என்னும் நான்கு எஞ்சின்கள் பூண்ட பெரிய குண்டுவீச்சு விமானங்கள்.

லங்காஸ்டர் விமானத்தில் எழுவர் செல்வர். விமானி, எஞ்சினைக் கவனிப்பவர், வழி கணிப்பவர், குண்டு வீசுபவர், கம்பியில்லாத் தந்தியை இயக்குபவர் ஆகிய ஐவரும் முற்பகுதியில் இருப்பர். எஞ்சிய இருவரும் இயந்திரத் துப்பாக்கி வீரர்கள். ஒருவர் விமானத்தின் முதுகின்மேல் அமைந்த கூண்டிலும், மற்றவர் வால்முனையில் உள்ள கூண்டிலும் அமர்ந்து, பகை விமானம் வருகின்றதா என்று இருளை நோக்கி விழித்திருத்தல் வேண்டும். முதுகுக் கூண்டு மினார்ஸ்கியுடையது. வால் கூண்டு பாட் பிராஃபி என்பாருடையது. பதவியில் பிராஃபி அதிகாரி. மினார்ஸ்கி அவருக்குக் கீழ்ப்பட்டவர். எனினும் இருவரும் ஆருயிர்த் தோழர்கள். இரவில் தத்தம் இருப்பிடத்திற்குப் பிரிந்து செல்லும்போது மினார்ஸ்கி விறைப்பாக நின்று சலாம் வைத்து, "குட்நைட், சார்" என்பார். அது அவ்விரு நண்பர்களுக்குள் வழங்கிய விளையாட்டு.

1944 ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சு தேசத்தின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஜெர்மானியர் தம் படைகளை அங்கே விரைந்து கொண்டுவராதபடி ரயில் பாதைகளைத் தகர்ப்பது அவ்வாரத்தின் பெரும்பணி. ஜூன் 12-ஆம் நாள் இரவு, காம்ப்ரே நகரின் ரயில் சந்திப்பைத் தாக்கும்படி மினார்ஸ்கியின் குழுவினருக்குக் கட்டளை பிறந்தது. புறப்படுவதற்கு முன் புல்தரையில் அமர்ந்திருந்த மினார்ஸ்கியின் கண்ணில் க்ளோவர் என்னும் பூண்டு ஒன்று பட்டது. இயல்பாக மூன்று இலைகளே உடைய அப்பூண்டில் நான்கு இலைகள் காணப்படின் அதிர்ஷ்டம் என்பது மேல்நாட்டார் நம்பிக்கை. அவர் கண்டெடுத்ததும் நான்கு இலை உடையது. அதனை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பிராஃபியின் கையில் கொடுத்துவிட்டார்.

நள்ளிரவுக்குப் பின், பிரான்சின் வான்வெளியில் ஜெர்மானியப் போர் விமானம் ஒன்று கீழிருந்தும் பின்னிருந்தும் பாய்ந்து சுட்டது. லங்காஸ்டரின் இடப்புற எஞ்சின்கள் இரண்டும் செயலிழந்தன. இறக்கையில் தீ மூண்டது. இரு துப்பாக்கிக் கூண்டுகளுக்கும் இடையே உடற்பகுதியிலும் தீ பற்றிக்கொண்டது. அனைவரும் குதித்துவிடுமாறு விமானி ஆணையிட்டார்.

மினார்ஸ்கி தம் கூண்டிலிருந்து இறங்கி, வெளியேறும் கதவை நோக்கி நடந்தார். இன்னும் சில அடிகள். அப்பால் திறந்த வானமும் உயிரும் இருந்தன. அக்கணத்தில் அவர் வால்புறம் திரும்பிப் பார்த்தார். பிராஃபி தம் கூண்டை விட்டு வெளிவரவில்லை. எஞ்சின் நின்றதால் கூண்டைச் சுழற்றும் விசை செத்துவிட்டது. கையால் சுழற்றுவதற்கு அமைந்த பிடியோ முறிந்துவிட்டது. பிராஃபி அகப்பட்டுக்கொண்டார்.

மினார்ஸ்கி கதவை விட்டார். எரியும் நெருப்பினூடே ஊர்ந்து சென்று நண்பரை அடைந்தார். கோடரியால் கூண்டைப் பெயர்க்க முயன்றார். பின்பு வெறுங்கைகளால் பற்றி இழுத்தார். அதற்குள் அவருடைய இடுப்பு வரையிலும் உடை தீப்பற்றிக்கொண்டது, பாராசூட்டும் எரியலாயிற்று. இனி ஆவதொன்றில்லை என்று கண்ட பிராஃபி, "நீ போ!" எனக் கையசைத்தார். அவ்வளவில், திரும்புவதற்கும் இடமில்லாத அக்குறுகிய வழியில், நண்பரின் முகத்தை விட்டுக் கண்களை எடுக்காமலே மினார்ஸ்கி நெருப்பினூடே பின்வாங்கினார். கதவருகே வந்ததும் எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று சலாம் வைத்தார். உதடுகள் அசைந்தன. ஓசை கேட்கவில்லையாயினும் அச்சொற்கள் எவை என்பது பிராஃபிக்குத் தெரியும். பின்பு குதித்தார்.

எரிந்துகொண்டே இறங்கிய அவரைத் தரையிலிருந்த பிரெஞ்சு மக்கள் கண்டு ஓடி வந்தனர். ஆயினும் தீக்காயங்களின் கொடுமையால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. மெஹாரிக்கூர் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவர் துயில்கின்றார்.

பிராஃபி? விமானம் தரையில் மோதியபோது வால் கூண்டு தெறித்து உடைந்து, அவரை வெளியே வீசியது. அவர் பிழைத்தார்! பிரெஞ்சு மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். சில மாதங்கள் கழித்து இங்கிலாந்தை அடைந்த பிறகே தம் தோழரின் முடிவை அறிந்தார்; தாம் கண்டதையும் எடுத்துரைத்தார். எழுவருள் மாண்டவர் மினார்ஸ்கி ஒருவரே. பிராஃபி கூறிய சாட்சியத்தைக் கொண்டு, 1946-ஆம் ஆண்டு அக்டோபரில், வீரத்திற்குரிய தலைசிறந்த விருதாகிய விக்டோரியா சிலுவை மினார்ஸ்கிக்கு அறிவிக்கப்பெற்றது. வின்னிபெக்கில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் பறக்கத் தொடங்கிய ஒரு லங்காஸ்டர் விமானமும் அவர் நினைவுக்கே உரிமையாக்கப்பட்டது.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறத்தலாகாது. குண்டுவீச்சு விமானங்கள் பொழிந்த நெருப்பில் ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் மாண்ட பொதுமக்கள் லட்சக்கணக்கானோர். ரயில் சந்திப்புகளைத் தாக்கிய குண்டுகள் அருகில் குடியிருந்த பிரெஞ்சு மக்களையும் கொன்றன. இந்த இளைஞரை நினைப்பதற்காக அந்தத் துயரை மறைக்க வேண்டுவதில்லை. நாம் போற்றுவது போரை அன்று. தன்னுயிர் தப்பும் வாயில் திறந்திருந்தும் பிறனுயிரை நோக்கித் திரும்பிய உள்ளத்தையே.

மற்றுமொரு கணக்கையும் எண்ணிப் பார்ப்போம். இங்கிலாந்தின் குண்டுவீச்சுப் படையில் விமானமேறிய ஏறத்தாழ 1,25,000 பேருள் 55,573 பேர் மாண்டனர். இவர்களுள் இருபதுகளில் இருந்தவர்களே மிகுதி. கல்லறை இன்னதென்று அறியப்படாத 20,000-க்கும் மேற்பட்ட விமான வீரரின் பெயர்கள், 1953-இல் ரன்னிமீடில் திறக்கப்பட்ட நினைவாலயத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பல விமானங்கள் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் எரிந்து வீழ்ந்தன. அவற்றினுள்ளும் ஒரு மினார்ஸ்கி நண்பனை நோக்கி ஊர்ந்து சென்றிருக்கமாட்டானா? சென்றிருப்பான். ஆனால் அதைச் சொல்வதற்குப் பிராஃபி இல்லை.

தில்லிப் பாசறைப் பகுதியிலும், புனேயின் கிர்க்கியிலும், கௌஹாத்தியிலும், நம் சென்னையின் நந்தம்பாக்கத்திலும் அப்போரில் மாண்டவர்களுக்கான இடுகாடுகள் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று வாருங்கள். கற்களில் பெயரும் நாளும் வயதும் இருக்கும். இருபது, இருபத்தொன்று, இருபத்து மூன்று என்று குழந்தைகள் வாய்விட்டுப் படிப்பார்கள். கல் அவ்வளவே சொல்லும். அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யாருக்காக இறந்தனர் என்பதைக் கண்டவரே சொல்ல வேண்டும். கேட்டவர் மறவாமல் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும்.

அன்று நெருப்பிலிருந்து மீண்ட பிராஃபி தம் கடனைச் செய்தார். அதனால்தான் நாமும் இன்று அந்த வணக்கத்தைக் காண்கின்றோம்.