கார் ஷெட்டில் பிறக்கும் கார்

1957-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. அன்று முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொண்டால் அந்த வரி இல்லை. பொருத்தும் குறிப்பேடு தர விதி இடம் கொடுக்காததால், கழற்றும் குறிப்பைத் தந்து தலைகீழாகச் செய்யச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

1973-இல் மதிப்புக் கூட்டு வரி (வாட்) வந்ததும் அந்தச் சலுகை போனது. ஆசை போகவில்லை! அதே ஆண்டு செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் இன்றும் அதைப் பாகங்களாக விற்கிறது. சட்டகம் தயாராக வரும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் வாங்கியவர் கைவேலை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துச் சங்கிலியில் தூக்கி, உடலில் கீறல் விழாமல் இறக்குவதுதான் நெஞ்சு படபடக்கும் கட்டம். அதற்கு இன்னொருவர் துணை அவசியம்.

இன்னும் துணிந்தவர்கள் சட்டகத்தையே வெல்டிங் செய்கிறார்கள். 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் 1996-இல் எழுதிய புத்தகம் பலரை அதில் இறக்கிவிட்டது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் எஞ்சினும் அச்சும் அதற்குப் போதும். இந்த வழிதான் உண்மையான கல்வி.

இப்படிக் கட்டிய காரை பிரிட்டனில் சாலையில் ஓட்ட அரசுப் பரிசோதனை கட்டாயம். பிரேக், விளக்கு, புகை அளவு மட்டுமல்ல, கூரான விளிம்புகளையும் அதிகாரிகள் பார்ப்பார்கள். பாகங்களின் வயது தெரியாத வண்டிக்கு 'க்யூ' என்று தொடங்கும் எண் கிடைக்கும்.