இளக்கலாம், எரிக்கலாகாது!
பழைய வர்ணத்தை அகற்றும் மின்வெப்பக் கருவிகள்

வீட்டுக்குப் புது வர்ணம் பூசுவதென்றால் எல்லாருக்கும் ஆசைதான். பழைய வர்ணத்தை அகற்றுவதென்றாலோ எவருக்கும் அலுப்புத்தான். அதிலும் மரப்பலகையாற் சுவர் அமைத்த வீடானால் சொல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் படைமேற் படையாகப் பூசிய வர்ணம், வெயிலில் வெடித்து, மழையில் ஊறிக் கிளம்பி, செதில் செதிலாக நிற்கும். அதன்மேல் எத்துணை உயர்ந்த வர்ணத்தைப் பூசினாலும் அது நிலைக்காது. சுரண்டியே தீரவேண்டும். இக்கடும் பணியை இலகுவாக்க வந்தவையே மின்வெப்பக் கருவிகள். ஆனால் இவற்றைக் கையில் எடுக்குமுன், அந்தப் பழைய வர்ணத்தின் கதையை நாம் சற்று அறிந்துகொள்ளல் வேண்டும்.

விறாந்தையில் இருந்த நஞ்சு

அவுஸ்திரேலியாவிலே குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகர் பிறிஸ்பேன். வெப்பமிகுந்த இடமாகையால், அங்கே வீடுகளைக் கால்கள்மேல் உயர்த்தி, பலகையாற் சுவரெழுப்பி, அகன்ற விறாந்தை வைத்துக் கட்டினார்கள். விறாந்தையைச் சுற்றி மரக்கிராதி. அதன்மேல் வெள்ளை வர்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரக் குழந்தைகள் பலர் வயிற்று நோவாலும், கை கால்கள் சோர்ந்து விழும் வாதத்தாலும் வருந்தினர். சிலருக்குக் கண் பார்வையும் கெட்டது. டொக்டர் ஜெஃப்ரிஸ் ரேணர் முதலிய வைத்தியர்கள் 1892ஆம் ஆண்டளவில் இது ஈய நஞ்சின் விளைவு என்று கண்டறிந்தனர். அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? கண் வைத்தியரான டொக்டர் லொக்காட் கிப்சன் 1904இல் அதற்கு விடை கூறினார். குழந்தைகள் நாள்தோறும் பற்றி நின்று விளையாடிய அந்தக் கிராதியே நஞ்சின் இருப்பிடம்!

அக்கால வெள்ளை வர்ணத்தில் ஈயச் சேர்வை மிகுதியாக இருந்தது. அது வெயிலில் உலர்ந்து மாவாகி உதிரும். குழந்தையின் விரலில் ஒட்டும். விரல் வாய்க்குப் போகும். இவ்வளவுதான் நஞ்சு சென்ற வழி. பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய வர்ணம் பூசுவதைக் குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டத்தால் தடுத்தது. அவ்வீடுகளிற் பல இன்றும் நிற்கின்றன. அவற்றைப் புதுப்பிப்போர் சுரண்டி எடுப்பது வெறும் அழுக்கையன்று; அதே ஈயத்தைத்தான்.

இரு கருவிகள்

மின்வெப்பக் கருவிகளுள் இரண்டு பெருவழக்கானவை. ஒன்று, கைத்துப்பாக்கி போன்ற உருவில் சூடான காற்றை ஊதுவது. மற்றது, செங்கீழ்க் கதிர்களைப் பலகைமேற் பாய்ச்சுவது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. எண்ணெய் கலந்த பழைய வர்ணம் சூடேறியதும் இளகிக் கொப்புளிக்கும். அத்தருணத்திற் சுரண்டியைச் செலுத்தினால் சுருள் சுருளாகக் கழன்றுவரும். உலர்ந்த வர்ணத்தைத் தேய்ப்பதால் எழும் தூசி இதில் குறைவு. இதுவே இம்முறையின் பெரும் நன்மை.

ஆனால் இளகுவது வேறு, எரிவது வேறு. காற்றூதும் கருவிகளிற் சில 600 பாகை செல்சியசு வரை சூடேறும். அவ்வளவு வெப்பத்தில் வர்ணம் கருகிப் புகையும். ஈயமும் அப்புகையுடன் கலந்து சுவாசத்திற் புகும். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டப்பட்ட வீடுகளிற் கூலிக்கு வேலை செய்வோர், ஈய வர்ணத்தின்மேல் தீச்சுவாலையைப் பயன்படுத்துவதும், 593 பாகைக்கு மேற்பட்ட வெப்பக் கருவிகளைப் பயன்படுத்துவதும் 2010இல் நடைமுறைக்கு வந்த விதிகளால் தடுக்கப்பட்டுள்ளன. செங்கீழ்க் கதிர்க் கருவிகள் பொதுவாக இதனிலும் மிகத் தாழ்ந்த வெப்பத்தில் வேலை செய்கின்றன. எனினும் ஒரே இடத்தில் வாளா வைத்திருந்தால் அவையும் மரத்தைக் கருக்கிவிடும்.

இன்னுமோர் அபாயம் சுவருக்குள்ளே ஒளிந்திருக்கிறது. பலகைகளின் இடுக்கு வழியாகச் சூடான காற்று உள்ளே புகுந்தால், அங்குள்ள பழந்தூசியும் குருவிக்கூட்டுச் சருகும் கனலத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வேலையாட்கள் வீடு சென்ற பின்னர், பல மணி நேரம் கழித்துத் தீ மூண்டெழக்கூடும். சுவாலை இல்லாத கருவிதானே என்று எண்ணி ஏமாறலாகாது.

செய்யவேண்டியவை

முதலில் பழைய வர்ணத்தில் ஈயம் உண்டோ என்று சோதிப்பித்தல் வேண்டும். உறுதியாகப் பற்றி நிற்கும் வர்ணத்தை வீணே உரிக்க வேண்டியதில்லை; கிளம்பியதை மட்டும் அகற்றலாம். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேலை நடக்குமிடத்திற்கு வரலாகாது. கதவு யன்னல்களை மூடி, நிலத்தின்மேல் தடித்த பொலித்தீன் விரிப்பை விரித்துக்கொள்க. முகத்துக்குத் துணி கட்டினாற் போதாது. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.

கருவியை ஓரிடத்தில் நிறுத்தாது மெல்ல நகர்த்துக. வர்ணம் கொப்புளித்ததும் வெப்பத்தை விலக்கி, மரத்தின் நார் ஓடும் திசையிலே சுரண்டுக. புகை எழுந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று அறிக. யன்னற் கண்ணாடியருகே சூடு பட்டால் கண்ணாடி வெடிக்கும். இக்கருவிகள் மிகுந்த மின்சாரத்தை இழுப்பவை; ஆகையால் மெல்லிய நீட்சிக் கம்பி ஆகாது. மழை ஈரத்தில் வேலை கூடாது. தீயணைக்கும் கருவி அருகில் இருக்கட்டும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அவ்விடத்தில் இருந்து, சுவரைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தல் நன்று.

உதிர்ந்ததைத் துடைப்பத்தாற் கூட்டாது, விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துக. அதை எரிப்பதும் தோட்டத்திற் புதைப்பதும் தவறு. எஞ்சிய தூசியை ஈரத்துணியால் துடைத்து, கைகளைக் கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும். வேலை உடைகளை வீட்டாரின் உடைகளோடு சேர்த்துத் தோய்க்கலாகாது.

நம் நாட்டிலே பலகைச் சுவர் வீடுகள் குறைவெனினும், பழைய கதவு, யன்னல், படலை இல்லாத வீடு ஏது? வர்ணத்தில் ஈயத்தின் அளவுக்கு இங்கே 2013இல் சட்டம் எல்லை வகுத்தது. அதற்கு முன் பூசியது எத்தகையது என்று பார்வைக்குத் தெரியாது. ஆகவே, ஒரு மாதத்தில் முடியும் வேலை இரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். புது வர்ணம் உலர்ந்ததும் அந்த யன்னலை முதலிற் பற்றி நிற்கப் போவது வீட்டின் சின்னஞ்சிறு கைதானே!